பூச்சிமருந்து தின்ற கோழி: முதல் ஒரு மணி நேரமும் அடுத்த மூன்று வாரமும்

துண்டில் சுற்றிய ஒரு பெட்டைக்கோழியை எங்கள் சிகிச்சை மேசைமேல் வைத்தார்கள். அலகு நுனியிலிருந்து எச்சில் நூலாகத் தொங்கியது. கால் விரல்கள் உள்பக்கம் சுருண்டிருந்தன. மூச்சு வாங்கும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடியது. முந்தின நாள் மாலை ஒருவர் ரோஜாச் செடிகளுக்கு மருந்து அடித்திருக்கிறார். அது தெரியாமல் காலையில் இன்னொருவர் கூண்டைத் திறந்துவிட்டார். கோழி நேராகப் போய் செடியடியில் செத்துக் கிடந்த புழுக்களைப் பொறுக்கித் தின்றுவிட்டது. அப்புறம் வீட்டில் பதறிப்போய், விஷம் முறியட்டும் என்று வாயைப் பிளந்து இரண்டு ஸ்பூன் எண்ணெய் ஊற்றியிருக்கிறார்கள். விஷத்தைவிட நுரையீரலுக்குள் போன அந்த எண்ணெயோடுதான் எங்களுக்குப் பெரும்பாடு.

அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். தள்ளாடுகிற, எச்சில் ஒழுகுகிற கோழியின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். தண்ணீர், பால், எண்ணெய், உப்புக் கரைசல் எதுவுமே வேண்டாம். கோழிக்கு நாக்கின் அடியை ஒட்டியே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறது. நமக்கு இருப்பது போல அதன்மேல் மூடி கிடையாது. விழுங்கத் தெம்பில்லாத நேரத்தில் ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள்தான் இறங்கும். தலைகீழாகப் பிடித்து, கழுத்தடியில் தின்றது தங்கும் தீனிப்பையை அமுக்கிக் கக்க வைப்பதும் இதே ஆபத்துதான்.

சரி, என்னதான் செய்வது? கோழியை அந்த இடத்திலிருந்து தூக்குங்கள், மற்றக் கோழிகளையும் அடைத்துவிடுங்கள். இறகில் மருந்து பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு, வெதுவெதுப்பான தண்ணீரிலும் பாத்திரம் கழுவும் மென்மையான சோப்பிலும் அலசி, நன்றாகத் துவட்டிக் காய வையுங்கள். கோழியின் உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல். நனைந்தபடி விட்டால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில் இருட்டாக, சத்தமில்லாமல் வைத்து உடனே கொண்டு வாருங்கள். கூடவே மருந்துப் பாட்டிலையோ அதன் லேபிளின் படத்தையோ மறக்காமல் எடுத்து வாருங்கள்.

லேபிள் ஏன் என்றால், மருந்தைப் பொறுத்துதான் வைத்தியம். குளோர்பைரிபாஸ், மாலத்தியான், டைமெத்தோயேட் எல்லாம் ஆர்கனோபாஸ்பேட் வகை. கார்பரில், கார்போபியூரான் கார்பமேட் வகை. இரண்டுமே நரம்புச் செய்தியை அணைக்கும் நொதியை முடக்குகின்றன. அதனால்தான் எச்சில், பேதி, நடுக்கம், மூச்சுத்திணறல். அட்ரோபின் ஊசி எச்சிலையும் மூச்சடைப்பையும் தணிக்கும். கால் பலத்தைத் திருப்பித் தராது. ஆர்கனோபாஸ்பேட் என்றால் சீக்கிரமே வந்துவிட்டால் பிராலிடாக்ஸிம் என்ற முறிமருந்து உதவும். கார்பரிலுக்கு அதையே போட்டால் கெடுதலாகலாம். பைரித்ராய்டு என்ற இன்னொரு பூச்சிமருந்து வகையைப் பறவைகள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். சில எலிமருந்துகளுக்கோ வாரக்கணக்கில் வைட்டமின் கே1 கொடுக்க வேண்டும். எச்சிலையும் நடுக்கத்தையும் மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது.

தின்றது தீனிப்பையில் கொஞ்ச நேரம் தங்கும் என்பது நமக்குக் கிடைக்கும் அவகாசம். குழாய் வைத்து அதைக் கழுவி, ஆக்டிவேட்டட் சார்கோல் என்ற, விஷத்தைப் பிடித்து வைக்கும் கரித்தூளைக் கொடுப்போம். அடுப்புக் கரி அந்த வேலையைச் செய்யாது.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கோழி எழுந்து நிற்கும். எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள், நான் ஆகமாட்டேன். தனியாக, மெத்தென்ற விரிப்பில், ஆழமில்லாத தண்ணீர்க் கிண்ணத்தோடு வையுங்கள். தானாக விழுங்கத் தொடங்கிய பிறகு நனைத்த தீவனத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். தினமும் எடை பாருங்கள். காலையில் தீனிப்பை காலியாக இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள்.

ஆர்கனோபாஸ்பேட்களில் சில, தேறி நடமாடிய கோழியையும் ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்துக் கால் இழுக்க வைத்துவிடும். நீண்ட நரம்புகள் நுனியிலிருந்து மெல்லச் சிதைவதால் வருவது அது. இந்தப் பாதிப்புக்குக் கோழி அவ்வளவு எளிதில் ஆளாவதால்தான், புதிய மருந்துகளுக்கு இந்தக் குணம் உண்டா என்று ஆய்வகங்களில் முட்டைக்கோழிகளுக்குக் கொடுத்து 21 நாள் கவனிக்கிறார்கள். நீங்களும் அத்தனை நாள் நடையைக் கவனியுங்கள். படியேறத் தயங்கினாலோ விரலை மடக்கி வைத்தாலோ உடனே சொல்லுங்கள்.

அந்தக் கோழி ஒன்பதாம் நாள் முட்டையிட்டது. சாப்பிடலாமா என்று போனில் கேட்டார்கள். கூடாது என்றேன். மஞ்சள்கரு உருவாகவே பத்து நாள் அளவில் ஆகிறது. கொழுப்பில் தங்கும் மருந்துகள் அதில் ஏறிவிடும். 2017-ல் நெதர்லாந்து, பெல்ஜியம் பண்ணைகளில் கோழியின் உண்ணிப்பூச்சிக்காகத் தெளித்த மருந்தில் ஃபிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்ததால், லட்சக்கணக்கான முட்டைகளை அழிக்க வேண்டியதாயிற்று. எத்தனை நாள் முட்டையைத் தவிர்ப்பது என்பதையும் மருந்தின் பெயரை வைத்துத்தான் மருத்துவர் சொல்வார். அந்த முட்டையை மற்றக் கோழிகளுக்கும் போடாதீர்கள்.

குருணை மருந்து போடும் தோட்டமாக இருந்தால் கோழியை அங்கே விடவே வேண்டாம். செரிமானத்துக்காகச் சிறு கல் பொறுக்குவது கோழியின் இயல்பு. குருணை அதற்கு இன்னொரு கல். கார்போபியூரான் குருணையில் ஒன்றே ஒன்று ஒரு சிறு பறவையைக் கொல்லப் போதும்.

மருந்தடிப்பவர் ஒருவர், கூண்டு திறப்பவர் இன்னொருவர் என்று இருக்கும் வீடுகளிலிருந்துதான் என்னிடம் இப்படிப்பட்ட கோழிகள் அதிகம் வருகின்றன. மருந்தடித்த கையோடு மருந்தின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கூண்டுத் தாழ்ப்பாளில் கட்டிவிடுங்கள். காலையில் திறக்க வருகிறவர் கை வைக்கும் இடம் அதுதான்.