பல்லுக்குள் இறுகும் சிமென்ட்

கண்ணாடிப் பலகையில் மூன்று பங்கு பொடி, ஒரு பங்கு தண்ணீர். குழைத்தால் ஈர மணலை அள்ளின மாதிரி இருக்கும். கரண்டியில் நிற்காமல் உதிரும். வேரின் நுனியில் விழுந்த ஓட்டையைப் பல் மருத்துவர் இதை வைத்துத்தான் அடைக்கிறார். பெயர் எம்டிஏ. 1990-களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் தொராபிநெஜாத் குழுவினர் உருவாக்கியது. அதில் முக்கால் பங்கு, வீடு கட்டும் அதே போர்ட்லேண்ட் சிமென்ட் வகை. எக்ஸ்ரேயில் தெரிவதற்காகக் கொஞ்சம் பிஸ்மத் ஆக்சைடு.

சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்து இறுகுகிறது. தளம் போட்டபின் கொத்தனார் தண்ணீர் தேக்கி வைப்பது அதற்குத்தான். ரத்தமும் ஈரமும் ஊறும் வேர் நுனிக்கு இதைவிடப் பொருத்தமான குணம் கிடையாது. பொடியில் உள்ள கால்சியம் சிலிகேட் தண்ணீரோடு சேர்ந்து ஒரு பசையாகிறது. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடும் வெளிவருகிறது. மூன்று மணி நேரத்தில் காரத்தைக் காட்டும் பிஎச் அளவு 12.5-ஐத் தொடும். அந்தக் காரத்தில் கிருமிகள் பிழைப்பது கடினம்.

சிக்கல் நேரத்தில்தான். முதல் எம்டிஏ இறுக 2 மணி 45 நிமிடம் ஆனது. அதற்குள் கழுவினால் கரைந்து போகும். ஈரப்பஞ்சை வைத்து மூடி, "நாளைக்கு வாங்க" என்று அனுப்ப வேண்டியிருந்தது.

சரி, வேகப்படுத்தலாமே? கட்டிடத்துறை வெகுகாலமாகக் கையாண்ட கால்சியம் குளோரைடை இங்கேயும் சேர்த்துப் பார்த்தார்கள். சிமென்ட் துகளைச் சுற்றிப் படியும் பசைப்படலத்தில் தண்ணீர் எளிதாக ஊடுருவ அது வழிசெய்கிறது என்பது பரவலான விளக்கம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் 5 சதவீதக் கரைசலில் குழைத்த எம்டிஏ 20–25 நிமிடத்தில் இறுகியது. ஆனால் அழுத்தம் தாங்கும் வலிமை, வெறும் தண்ணீரில் குழைத்ததைவிடக் குறைந்தது.

இந்தக் குறைவை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எடைபோடக் கூடாது என்பது என் கருத்து. வேரின் நுனியில் மெல்லும் பாரம் நேரடியாக விழுவதில்லை. அங்கே கழுவப்படாமல் நிற்பதுதான் பெரிது. கடைவாய்ப்பல்லில் வேர்கள் பிரியும் இடத்து ஓட்டை அப்படியல்ல, மேலே அடுத்த அடைப்பை அழுத்தி வைத்தாக வேண்டும்.

அப்புறம் வந்த பயோடென்டின் என்ற இன்னொரு பல் சிமென்ட், கால்சியம் குளோரைடைத் திரவத்திலேயே வைத்துக்கொண்டு, குழைக்கும் தண்ணீரைக் குறைக்கும் பொருளையும் சேர்த்தது. தண்ணீர் குறைந்தால் நுண்துளை குறையும், வலிமை ஏறும். சுமார் 12 நிமிடத்தில் இறுகிவிடும். கான்கிரீட்டில் இந்தக் குளோரைடு கம்பியைத் துருவாக்கும். வேருக்குள் முறுக்குக்கம்பி இல்லை.