ரொக்கெட் விடும் முன் அது விழும் இடத்தைப் பாருங்கள்

ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகள் ரொக்கெட் விட வெடிமருந்தோ நெருப்போ வேண்டாம். சோடாப் போத்தல், தண்ணீர், சைக்கிள் பம் போதும். ஆனால் வன்னியில் போத்தலுக்கு முன் மைதானத்தைத் தேட வேண்டும். தண்ணீர் ரொக்கெட் பல பத்து மீற்றர் தள்ளி விழும். சோளகம் வீசினால் திசையும் மாறும். வேலி தாண்டிப் பற்றைக்குள் விழுந்ததை விட்டுவிடுங்கள். பிள்ளையும் போகக்கூடாது, ஆசிரியரும் போகக்கூடாது. மிதிவெடி அகற்றும் வேலை இங்கே இன்னும் முடியவில்லை.

நாம் மட்டையில் வெட்டி ஒட்டுவது போன்ற செட்டைகள் மோட்டார் எறிகணையின் வாலிலும் உண்டு. ரொக்கெட் செய்து பழகிய பிள்ளை, மண்ணில் கறள் பிடித்த வாலொன்றைக் கண்டால் எடுத்துப் பார்க்க ஆசைப்படும். எனவே செய்முறைக்கு முன்பே சொல்லுங்கள்: தொடாதே, வந்த வழியே திரும்பு, பெரியவர்களிடம் சொல்.

முதலில் பலூன். இரண்டு தூண்களுக்கிடையே தங்கூசியை இழுத்துக் கட்டி, அதில் கோர்த்த ஸ்ட்ரோவில் ஊதிய பலூனை ஒட்டி விடுங்கள். காற்று சுவரைத் தள்ளுவதால்தான் பலூன் ஓடுகிறது என்று பல பிள்ளைகள் சொல்வார்கள். பின்னால் சுவரே இல்லாத இடத்தில் விட்டுக் காட்டுங்கள்.

பிறகு 1.5 லீற்றர் சோடாப் போத்தல். தண்ணீர்ப் போத்தல் மெல்லியது, வேண்டாம். இறப்பர் அடைப்பானைத் துளைத்துப் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைச் செருகுங்கள். ஊசிமுனை மறுபக்கம் வெளியே தெரியாவிட்டால் காற்று ஏறாது. அப்படியானால் அடைப்பானை வெட்டிக் குட்டையாக்குங்கள். செட்டைகள் போத்தலின் வாய்ப்பக்கம், களிமண் பாரம் மறுமுனையில். மாற்றி வைத்தால் குட்டிக்கரணம் அடிக்கும்.

பாடம் தண்ணீரின் அளவில்தான் இருக்கிறது. 0, 250, 500, 1000 மில்லிலீற்றர்: எது உயரப் போகும் என்று ஒவ்வொரு பிள்ளையும் முதலில் எழுதட்டும். வெறும் போத்தலில் தள்ளிவிடப் பாரமான எதுவும் இல்லை. 1000இல் பாரம் கூட, அமுங்கிய காற்றுக்கு இடம் குறைவு. மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே நன்றாக எழும்பும். அடைப்பானில் கோடு போட்டு ஒவ்வொரு முறையும் அதுவரைதான் செருகுங்கள். இல்லாவிட்டால் மாறியது தண்ணீரா, இறுக்கமா என்று தெரியாது.

பிள்ளைகள் 10 மீற்றர் தள்ளி நிற்கட்டும். நீளக் குழாயுள்ள பம்மை ஒரு பெரியவர் பக்கவாட்டில் நின்று அடிக்கட்டும். கிளம்பாவிட்டால் போத்தலுக்கு மேல் குனியாதீர்கள். குழாயைப் பம்மோடு சேரும் முனையில் கழற்றிக் காற்றை விடுங்கள். அடைப்பானைக் கம்பியால் கட்டுவது ஆபத்து. வெண்கீறல் விழுந்த போத்தலை மறுபடி பாவிக்காதீர்கள்.