அவர்கிட்ட யாராவது நேரா சொன்னீங்களா?

ஒரு டாக்டரோட வேலை சரியில்லன்னு பேச்சு கிளம்பிட்டா அதுக்கப்புறம் என்னென்ன நடக்கும், எப்படி நடக்கணும்னு நம்ம ஆளுங்கள்ல நிறைய பேருக்கு தெரியல. ஊர்ல எம்பிபிஎஸ் முடிச்சு, பிரிட்டன்ல வேலை பாக்கறதுக்கான பிளாப் தேர்வு எழுதி, அங்க அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்-ல சேர்ந்து நல்லா போயிட்டு இருக்கும்போது திடீர்னு மெடிக்கல் டைரக்டர் ஆபீஸ்ல இருந்து ஒரு லெட்டர் வரும், எம்எச்பிஎஸ்-னு, டாக்டர் மேல வர்ற புகாரை எப்படி விசாரிக்கணும்னு சொல்ற ஒரு நடைமுறை இருக்கறதையே அன்னிக்குத்தான் கேள்விப்படுவாங்க. நான் இங்கிலாந்துல கன்சல்டண்ட், அதாவது சீனியர் ஸ்பெஷலிஸ்ட் டாக்டர். இந்த மாதிரி விசாரணைகள்ல கேஸ் இன்வெஸ்டிகேட்டரா இருந்திருக்கேன், மாட்டிக்கிட்டவங்களுக்கு மென்டராவும் இருந்திருக்கேன். ஃபைல் என் டேபிளுக்கு வந்ததும் நான் கேக்கற முதல் கேள்வி தலைப்புல இருக்கறதுதான், அதுக்கு வர்ற பதில் பெரும்பாலும் மௌனம்தான்.

ஒரு உதாரணம் சொல்றேன், ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன். அம்பது வயசு தாண்டின ஒரு ஸ்பெஷாலிட்டி டாக்டர், தென்னிந்தியாவுல படிச்சவர். நர்ஸ் போன் பண்ணி பேஷண்ட் பத்தி சொன்னா "ஓகே ஓகே"ன்னுட்டு வைச்சிடறார், அப்புறம் வந்து பாக்கறதில்ல, ட்யூட்டி மாறும்போது நடக்கற ஹேண்ட்ஓவர்ல ஒண்ணு கேட்டா வேற ஒண்ணு சொல்றார், திரும்பக் கேட்டா கோவப்படறார், இன்சுலின் டோஸ்ல தப்பு வேற. ஃபைல்ல வருஷக்கணக்கான ஈமெயில் இருக்கு, சிஸ்டர் மேனேஜருக்கு எழுதினது, மேனேஜர் கன்சல்டண்ட்டுக்கு எழுதினது, கன்சல்டண்ட் ஹெச்ஆர்-க்கு எழுதினது. அவருக்கு எழுதினது ஒண்ணு கூட இல்ல. அவரோட அப்ரைசல் ஃபார்மை எடுத்துப் பாத்தா எல்லாமே "குட்".

ஊழியர்களோட உடல்நலத்தைப் பாக்கற ஆக்குபேஷனல் ஹெல்த்துக்கு அனுப்பினப்போதான் தெரிஞ்சுது, ரெண்டு காதும் நல்லாவே மந்தம். பல வருஷமா உதட்டைப் பாத்து சமாளிச்சிருக்கார், கொரோனாவுல எல்லாரும் மாஸ்க் போட்டதும் அந்த வழியும் போச்சு, கம்ப்ளெய்ண்ட் ஏறினதும் சரியா அந்தக் காலத்துலதான். ஹியரிங் எய்ட் போட்டு எல்லாம் சுபம்னு நான் சொல்ல மாட்டேன், ஏன்னா இன்சுலின் விஷயத்துல நிஜமாவே படிப்பு பழசாயிருந்தது, அதைத் தனியா சரி பண்ண வேண்டியிருந்தது. ஆனா அந்த காது டெஸ்ட் நடக்காம இருந்திருந்தா "திமிர் பிடிச்ச ஆளு"ன்னு முத்திரை குத்தி வெளிய அனுப்பியிருப்பாங்க, அடுத்த ஆஸ்பத்திரியிலயும் அதே காதோட அதே வேலைதான் பாத்திருப்பார்.

அதனாலதான் முறையான அசெஸ்மெண்ட்னா ஒரு பரீட்சை இல்ல. இதுக்குன்னே 2001ல இங்க நேஷனல் கிளினிக்கல் அசெஸ்மெண்ட் அத்தாரிட்டின்னு ஒரு அமைப்பு வந்துச்சு, பேரு சில தடவை மாறி இப்போ என்எச்எஸ் ரெசல்யூஷனுக்குள்ள பிராக்டிஷனர் பெர்ஃபார்மன்ஸ் அட்வைஸ்னு இருக்கு. டாக்டர், டென்டிஸ்ட், பார்மசிஸ்ட் மூணு பேருக்கும் சேர்த்து. அவங்க வளர்த்த முறையில உடம்பு மனசு எப்படி இருக்கு, நடத்தை எப்படி, கிளினிக்கல் அறிவும் கையும் எப்படி, வேலை பாக்கற இடம் எப்படி, எல்லாத்தையும் பாக்கணும். கேஸ் நோட்ஸ் எடுத்துப் படிப்பாங்க, அந்த நோட்ஸை வச்சே "இங்க ஏன் இந்த முடிவு எடுத்தீங்க"ன்னு பேசுவாங்க, பேஷண்ட் பாக்கும்போது பக்கத்துல உக்காந்து பாப்பாங்க, கூட வேலை செய்யறவங்ககிட்ட கேப்பாங்க. ஆஸ்பத்திரிக்காரங்க மட்டும் இல்ல, பிரச்சினையில இருக்கற டாக்டரும் அவங்களுக்குப் போன் பண்ணி ஆலோசனை கேக்கலாம், இது நிறைய பேருக்குத் தெரியறதில்ல.

வேலை பாக்கற இடம்னு சொன்னேனே, அதை லேசா எடுத்துக்கக் கூடாது. லெஸ்டர் ராயல் இன்ஃபர்மரியில 2011ல ஆறு வயசுப் பையன் ஜாக் அட்காக் நோய்த்தொற்று முத்திப்போற செப்சிஸ்ல இறந்தப்போ டாக்டர் ஹதிஸா பாவா-கார்பா பிரசவ லீவு முடிஞ்சு திரும்பினவங்க, அன்னிக்கு ஆள் பத்தாம பல பேர் வேலையை ஒருத்தரே பாத்தாங்க, கம்ப்யூட்டர் டவுன் ஆகி ரிசல்ட் லேட்டு, கன்சல்டண்ட் வெளியூர்ல. 2015ல கோர்ட்டு அவங்களைக் குற்றவாளின்னு சொல்லுச்சு, 2018 ஜனவரியில, டாக்டர்களைப் பதிவு பண்ணிக் கண்காணிக்கற ஜிஎம்சி போட்ட அப்பீல்ல ரெஜிஸ்டர்ல இருந்தே பேரை எடுத்தாங்க, ஆகஸ்ட்ல அப்பீல் கோர்ட்டு அதை ரத்து பண்ணுச்சு. அந்தக் குழந்தையோட அம்மா அப்பா இழப்புக்கு எதுவும் ஈடாகாது, டாக்டர்கிட்ட தவறே இல்லன்னும் நான் சொல்லல. ஆனா ஒரே ஒருத்தரை மட்டும் பாத்துட்டு வார்டைப் பாக்காம விட்டா அடுத்த குழந்தைக்கு அந்த வார்டு அப்படியேதான் இருக்கும்.

நம்மள மாதிரி வெளிநாட்டுல படிச்சவங்க விஷயத்துக்கு வர்றேன். ஜிஎம்சி-யே கேட்டு ரோஜர் க்ளைனும் டோயின் அட்டவோலோகனும் பண்ணின ஆய்வு 2019ல வந்துச்சு. வேலை குடுக்கறவங்க ஜிஎம்சி-க்கு ரெஃபர் பண்றது வெள்ளைக்கார டாக்டர்களோட ஒப்பிட்டா மத்தவங்களுக்கு ரெண்டு மடங்கு, இங்க படிச்சவங்களோட ஒப்பிட்டா வெளிநாட்டுல படிச்சவங்களுக்கு ரெண்டரை மடங்கு. இதுக்குக் காரணமா அவங்க சொன்னதுல என்னைத் தச்சது ஒண்ணு: வேற இனத்து டாக்டர்கிட்ட கசப்பான விஷயத்தை நேரா பேச மேனேஜர்கள் தயங்கறாங்க, தப்பா எடுத்துப்பாரோன்னு தள்ளிப் போடறாங்க, சின்னதா இருக்கும்போது வாயைத் திறக்காம இருந்துட்டு பெருசானதும் நேரா ஃபார்மல் நடவடிக்கைக்குப் போயிடறாங்க. புதுசா வர்றவங்களுக்கு சரியான இண்டக்ஷன், அதாவது அறிமுகப் பயிற்சி இல்லாம இறக்கி விடறதும் அதுல வருது. லேப் சிஸ்டம் லாகின் கூட இல்லாம நைட் ட்யூட்டி பாத்தவங்களை எனக்கே தெரியும்.

நம்ம பக்கமும் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லணும். நம்ம ஊர்ல சீஃப் ரவுண்ட்ஸ்ல "தெரியல சார்"னு சொன்னா மானம் போகும், அதுல வளர்ந்து வந்தவங்க இங்க ராத்திரி ரெண்டு மணிக்கு கன்சல்டண்ட்டை எழுப்பிக் கேக்க மாட்டாங்க, தானே சமாளிக்கப் பாப்பாங்க. இங்க அதையேதான் ஆபத்தான பழக்கம்னு எழுதுவாங்க. சம்பவம் பத்தி ரிஃப்ளெக்ஷன், அதாவது சுய அலசல் எழுதச் சொன்னா "நான் சரியாத்தான் பண்ணேன்"னு நாலு வரி எழுதிக் குடுப்பாங்க, அதைப் படிக்கறவங்க இவருக்குத் தன் குறை புரியவே இல்லன்னு முடிவு கட்டிடுவாங்க. ஜிஎம்சி நடத்தற 'வெல்கம் டு யுகே பிராக்டிஸ்' பயிற்சி இலவசம், வந்த உடனே போயிடுங்க.

நடைமுறைக்கு வருவோம். எம்எச்பிஎஸ் படி முறையான விசாரணைன்னா கேஸ் மேனேஜர் ஒருத்தர், இன்வெஸ்டிகேட்டர் ஒருத்தர், ஆஸ்பத்திரி நிர்வாக போர்டுல இருந்து ஒருத்தர் இருக்கணும். உங்க மேல என்ன புகார்னு எழுத்துல தரணும், யார் யாரை விசாரிக்கப் போறாங்கன்னு லிஸ்ட் தரணும், கூட ஒருத்தரை அழைச்சுட்டுப் போக உங்களுக்கு உரிமை இருக்கு. விசாரணை சாதாரணமா 4 வாரத்துல முடியணும்னு எழுதியிருக்கு, நிஜத்துல மாசக்கணக்கா இழுக்கறாங்க, அது எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையது இல்ல. வேலைக்கு வராதேன்னு உடனடியா நிறுத்தி வைக்கறது அதிகபட்சம் 2 வாரம்தான், அதுக்கப்புறம் 4 வாரம் 4 வாரமா மறுபரிசீலனை பண்ணித்தான் நீட்டிக்கணும், முழுச் சம்பளமும் தரணும். அதுக்கு முன்னாடி சூப்பர்விஷன்ல வேலை, ஒரு குறிப்பிட்ட ப்ரொசீஜர் மட்டும் நிறுத்தம்னு வேற வழியெல்லாம் யோசிச்சிருக்கணும்.

இதெல்லாம் டாக்டரைக் காப்பாத்தற வேலைன்னு நினைக்காதீங்க. பிரிஸ்டல்ல குழந்தைகள் இதய ஆபரேஷன்ல சாவு அதிகமா இருக்குன்னு மயக்க மருந்து டாக்டர் ஸ்டீபன் போல்சின் 1990கள்ல சொல்லிட்டே இருந்தார், யாரும் காது குடுக்கல, கடைசியில அவர்தான் ஆஸ்திரேலியாவுக்குப் போக வேண்டியதாச்சு. 2001ல இயன் கென்னடி அறிக்கை வந்தப்போ 1991ல இருந்து 1995 வரைக்கும் ஒரு வயசுக்குக் கீழ 30ல இருந்து 35 குழந்தைங்க வழக்கத்தை விட அதிகமா இறந்திருக்காங்கன்னு கணக்கு வந்துச்சு. பேச வேண்டியதைப் பேசாம இருந்தா யார் குடுக்கற விலை அதுன்னு இதுக்கு மேல சொல்லத் தேவையில்ல. எவ்வளவு உதவி பண்ணியும் தேறாத டாக்டரும் உண்டு. ஒருத்தருக்கு சூப்பர்விஷன், பயிற்சி, நேரம் எல்லாம் குடுத்துப் பாத்தோம், கடைசியில ஆபரேஷன் தியேட்டர் வேலையை நிறுத்தணும்னு நானே எழுதினேன், அது சரியான முடிவுதான்.

தேறக்கூடியவங்களுக்கு ஒரு ஆக்‌ஷன் பிளான் போடணும், அதுல "கம்யூனிகேஷன் இம்ப்ரூவ் பண்ணணும்"னு மொட்டையா எழுதினா ஒரு பிரயோஜனமும் இல்ல. எந்த மாதிரி கேஸ், யார் பக்கத்துல இருப்பாங்க, எந்தத் தேதியில பாப்போம், எது நடந்தா தேறிட்டார்னு ஒத்துப்போம், இவ்வளவும் இருக்கணும், அதுக்கு நேரம் ஒதுக்கி ட்யூட்டி ரோட்டாவுலயும் போட்டிருக்கணும்.

2005ல இருந்து 2013 வரைக்கும் ஜிஎம்சி விசாரணையில இருந்தவங்கள்ல 28 டாக்டர்கள் தற்கொலையாவோ அப்படின்னு சந்தேகப்படற விதத்துலயோ இறந்திருக்காங்க, இது ஜிஎம்சி-யே 2014ல வெளியிட்ட கணக்கு. அதனால உங்க கூட வேலை பாக்கற ஒருத்தர் விசாரணையில இருந்தா ஒதுங்கிப் போகாதீங்க. கேஸ் பத்திப் பேச வேண்டாம், சாப்பிட்டாச்சான்னு ஒரு போன் பண்ணுங்க. லண்டன்ல 2008ல ஆரம்பிச்ச பிராக்டிஷனர் ஹெல்த்னு ஒரு சேவை டாக்டர்களுக்கும் டென்டிஸ்ட்களுக்கும் இருக்கு, காசு கிடையாது, ரகசியமா இருக்கும், நீங்களே நேரா போகலாம்.

லெட்டர் வந்தவங்களுக்கு: அன்னிக்கு ராத்திரியே கோவத்துல பதில் ஈமெயில் போடாதீங்க. நோட்ஸ்ல ஒரு எழுத்து கூட மாத்தாதீங்க, மருத்துவத் தப்பை மன்னிப்பாங்க, நோட்ஸைத் திருத்தினது நேர்மைப் பிரச்சினையா ஆயிடும். டாக்டர்கள் சங்கமான பிஎம்ஏ-க்கும், விசாரணையில உங்க பக்கம் நிக்கற டிஃபென்ஸ் அமைப்புக்கும் முதல்ல போன் பண்ணுங்க. புதுசா வர்ற பல பேர் ட்ரஸ்ட், அதாவது ஆஸ்பத்திரி நிர்வாகத்தோட இன்சூரன்ஸ் இருக்கே, எதுக்குத் தனியா காசு கட்டணும்னு விட்டுடறாங்க, அது பேஷண்ட் போடற நஷ்டஈடு கேஸுக்கு மட்டும்தான், ஜிஎம்சி விசாரணைக்கோ ஆஸ்பத்திரி விசாரணைக்கோ உங்க பக்கம் பேச அதுல யாரும் வர மாட்டாங்க. டிஃபென்ஸ் அமைப்புகள்ல எம்டியு, எம்பிஎஸ், எம்டிடியுஎஸ்னு இருக்கு, வேலைக்குச் சேர்ற வாரமே ஒண்ணுல சேர்ந்துடுங்க. லெட்டர் வந்தப்புறம் சேர்ந்தா அந்தப் பழைய விஷயத்துக்குப் பொதுவா கை குடுக்க மாட்டாங்க.