பிள்ளை ‘பாபாபா’ என்று கொஞ்சவில்லையா? மூன்று வயது வரை காத்திருக்காதீர்கள்

2013-இல் வந்த ஆர்.பி.எஸ்.கே. எனும் தேசிய குழந்தைகள் நலத் திட்டப்படி அங்கன்வாடி வயதுப் பிள்ளைகளுக்கு வளர்ச்சித் தாமதம் இருக்கிறதா என்று பார்ப்பதும், அதற்கான சிகிச்சையும் இலவசம். சந்தேகம் இருந்தால் டி.இ.ஐ.சி. எனும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். திட்டம் இவ்வளவுதான், சிக்கல் அங்கே போய்ச் சேருவதில் இருக்கிறது.

இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளை ‘ங்கா’ சொல்லும். ஆறிலிருந்து பத்து மாதத்துக்குள் ‘பாபாபா’, ‘மாமாமா’ என்று கோத்துச் சொல்ல ஆரம்பிக்கும். பத்து மாதம் தாண்டியும் அது வரவில்லை என்றாலோ, வந்த சத்தம் நின்றுபோனாலோ உடனே காட்டுங்கள். அதனாலேயே ஆட்டிசம் என்று ஆகிவிடாது, ஆனால் பரிசோதிக்க அது போதுமான காரணம். முதலில் பார்க்க வேண்டியது காது. காது கேளாத பிள்ளையும் முதல் சில மாதம் ‘ங்கா’ சொல்லும் என்பதால்தான் பல வீடுகளில் ஏமாந்துபோகிறார்கள். பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பது பரிசோதனையே இல்லை, நிழலசைவுக்குக்கூடப் பிள்ளை திரும்பும். ஓ.ஏ.இ. (உள்காது ஒலிக்குப் பதில் தருகிறதா என்று பார்ப்பது), தேவைப்பட்டால் பெரா (சத்தம் காது நரம்பு வழியே மூளைக்குப் போகிறதா என்று பார்ப்பது), இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். பிறந்ததும் இன்குபேட்டரில் இருந்த பிள்ளை, மஞ்சள் காமாலை கடுமையாக வந்த பிள்ளை என்றால் பெராவை விடவே விடாதீர்கள்.

நம் பக்கத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதுதான். புதுச்சேரியின் பாகூர் பக்கம் தாய்வீட்டில் பிரசவம், புகுந்த வீடு எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டித் தமிழ்நாட்டுக் கடலூரில். ஆறு மாதம் அங்கே, அப்புறம் இங்கே. மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருகிற அன்று பிள்ளையின் பெயர் இரண்டு பக்கப் பட்டியலிலும் இருக்காது, விசாரித்தால் அந்த மாநிலத்தில் கேளுங்கள் என்று இவர்களும், இந்த மாநிலத்தில் கேளுங்கள் என்று அவர்களும் சொல்வார்கள். பிள்ளை இப்போது இருக்கிற ஊர் அங்கன்வாடியில் முதலில் பெயரைச் சேர்த்துவிடுங்கள். குழு வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம், கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொண்டு நேரே மையத்துக்குப் போகலாம்.

“ஊனச் சான்று இருக்கா? யு.டி.ஐ.டி. கார்டு இருக்கா?” என்று சில இடங்களில் கேட்பார்கள். யு.டி.ஐ.டி. என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டை. பரிசோதனைக்கு இரண்டுமே தேவையில்லை, வருமான வரம்பும் கிடையாது. என்ன குறை என்று பார்க்கத்தான் வந்திருக்கிறோம், குறைக்குச் சான்று கொண்டுவா என்றால் அந்தத் தாய் எங்கே போவாள்? “ஆம்பளப் புள்ள, லேட்டாத்தான் பேசும், மூணு வயசுல வாங்க” என்று டாக்டரே சொன்னாலும், அதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பெரும்பாலும் பரிந்துரையே எழுதிவிடுகிறார்கள்.

தாமதத்தின் விலை பெரிது. தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் கருவி (காது கேட்க உள்காதில் அறுவை செய்து வைப்பது) பொருத்த ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். புதுச்சேரி ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு இதைக் கேட்க முடியாது. அதனால் கல்யாணத்துக்கு அப்புறமும் கார்டில் பெயர் மாற்றாமல் இருப்பவர்கள் அந்த வேலையை இப்போதே முடியுங்கள், வருமானச் சான்றும் கையோடு வாங்கி வையுங்கள்.

மையத்துக்குப் போகும்போது தாய் சேய் அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, அப்புறம் பிள்ளை எழுப்பும் சத்தத்தை வீட்டில் எடுத்த போன் வீடியோ, இந்த மூன்றும் இருக்கட்டும். புது இடத்தில் பிள்ளை வாயே திறக்காது.