ஜப்பானில் பழைய குறுவாள் வாங்கினால்: பதிவுச் சீட்டும் 20 நாள் கெடுவும்

ஜப்பானில் பழைய வாள் வைத்திருக்க ஆளுக்கு உரிமம் தேவையில்லை. பதிவு வாளுக்குத்தான். பழைய முறையில் அடித்து உருவாக்கிய, கலைமதிப்புள்ள வாளுக்கு 1958-ஆம் ஆண்டின் துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி மாகாணக் கல்வி வாரியம் ஒரு சீட்டு கொடுக்கிறது. பெயர் ‘தோரோகுஷோ’. சீட்டு உள்ள வாளை வெளிநாட்டவரும் வாங்கலாம். சீட்டில்லாமல் வைத்திருந்தால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஆலையில் செய்த ராணுவ வாள்களுக்குப் பதிவே கிடைக்காது.

வாளின் அலகு, அதாவது வெட்டும் பகுதி, 15 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் பதிவு கட்டாயம். பிடிக்கும் அலகுக்கும் நடுவே காப்புத் தட்டில்லாத ‘ஐகுச்சி’ வகைக்குச் சட்டம் நீள வரம்பு சொல்லவில்லை. சிறியதுதானே என்று விட்டுவிடக் கூடாது. 1 ஷாக்கு, அதாவது 30.3 செ.மீ. வரை ‘தான்தோ’ என்ற குறுவாள், அதற்கு மேல் 60.6 செ.மீ. வரை ‘வாக்கிசாஷி’.

சீட்டில் வகை, நீளம், வளைவு, ஆணித் துளைகளின் எண்ணிக்கை, பொறிப்பு, பதிவு எண், தேதி இருக்கும். உரிமையாளர் பெயர் இருக்காது. அதனால் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாளைச் சரிபார்ப்பதுதான் வாங்குபவரின் முதல் வேலை. நீளத்தை, நுனியிலிருந்து அலகின் முதுகுப் பக்கத்தில் கைப்பிடி தொடங்கும் இடத்திலுள்ள வெட்டுவரை நேர்கோட்டில் அளக்க வேண்டும்; வளைவோடு அளந்தால் கணக்கு தவறும். பிறகு பிடியில் உள்ள மூங்கில் ஆணியை (மெகுகி) தட்டி எடுத்து, பிடியைக் கழற்றி, உள்ளிருக்கும் வால்பகுதியான ‘நகாகோ’வைப் பார்க்க வேண்டும். துளை எத்தனை, வாள் செய்தவரின் கையெழுத்து எந்தப் பக்கம் என்று சீட்டோடு ஒப்பிடலாம். அங்குள்ள கருந்துருவைத் தேய்க்கவே கூடாது. வாளின் வயதைச் சொல்வதே அந்தத் துருதான். தேய்த்தால் மதிப்பு போய்விடும், திரும்பாது.

வாங்கிய 20 நாளுக்குள் உரிமை மாற்ற அறிவிப்பு அனுப்ப வேண்டும். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்: நீங்கள் குடியிருக்கும் மாகாணத்துக்கு அல்ல, சீட்டைக் கொடுத்த மாகாணத்தின் கல்வி வாரியத்துக்கு. ஒசாகாவில் குடியிருப்பவர் வாங்கிய வாளின் சீட்டு நாகானோ மாகாணத்தில் கொடுத்தது என்றால் அறிவிப்பு நாகானோவுக்குப் போக வேண்டும். அஞ்சலில் அனுப்பலாம். வாரியம் தன் மூலப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, விவரம் பொருந்தாவிட்டால் வாளைக் கொண்டுவந்து காட்டச் சொல்லும். ஒரு வாளின் சீட்டு இன்னொரு வாளோடு சேர்ந்து வந்துவிடுவது இப்படித்தான் தெரியவரும். வாள் கைமாறுவதற்குள் அளந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

தாத்தாவின் பெட்டியில் சீட்டில்லாமல் வாள் கிடைத்தால் முதலில் அப்பகுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். அங்கே கொடுக்கும் கண்டெடுப்பு அறிவிப்புச் சான்றோடு வாளைக் கல்வி வாரியத்தின் ஆய்வு நாளுக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டணம் 6,300 யென். சீட்டு தொலைந்து மறுபடி பெறுவதற்கு 3,500 யென்.

இனி உறையும் பிடியும். சீட்டு அலகுக்கு மட்டும்தான். உறை, காப்புத் தட்டு, பிடி, அலங்கார உலோகங்கள் எல்லாம் சேர்ந்த ‘கோஷிராயே’ பற்றி அதில் ஒரு வரியும் இருக்காது. ஆகவே மூல அலங்காரத்தைப் பிரித்துத் தனியாக விற்றாலும் சட்டம் தடுக்காது. பல நூற்றாண்டு ஒன்றாக இருந்த வாளும் உறையும் பிரிந்துபோவது இப்படித்தான். இது பெரிய இழப்பு. அலகு வெள்ளை மர உறையான ‘ஷிராசாயா’வில் இருந்தால், பழைய கோஷிராயேக்குள் ‘சுநாகி’ என்ற மரத் தகடு அலகின் இடத்தில் இருக்கும். அதை வாங்கும்போதே கேட்டுப் பெறுங்கள். பொருத்தம் பார்க்க, அலகின் உலோகக் கழுத்தணி (ஹபாகி) உறையின் வாயில் ஆடாமல், இறுகாமல் உட்கார வேண்டும். பிடியின் ஆணித் துளையும் நகாகோவின் துளையும் நேராக வர வேண்டும். பிடியில் கூடுதலாக ஒரு துளை இருந்தால், அந்தப் பிடி வேறு வாளுக்குச் செய்தது என்ற சந்தேகம் எழுவது நியாயம்; நகாகோவில் கூடுதல் துளை, பழைய வாளில் பிடி மாற்றியதாலும் வரும். கோஷிராயேக்குத் தனிச் சான்று வேண்டுமானால், 1948-இல் தொடங்கிய ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் ஆய்வுக்கு அனுப்பலாம்.

வெளிநாட்டுக்குக் கொண்டுபோக, பண்பாட்டு அலுவல்கள் முகமையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்க வேண்டும். அலகின் படம், நகாகோவின் பொறிப்புப் படம், பதிவுச் சீட்டு தேவை. முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவிக்கப்பட்ட வாள் வெளியே போகாது. ஏற்றுமதியாகும் வாளின் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியிருக்கும்; அதற்கு முன் நகல் எடுத்து வையுங்கள். பிறகு அதே வாள் ஜப்பானுக்குத் திரும்பினால் பழைய எண் செல்லாது, புதிதாகப் பதிய வேண்டும்.