சிப்பிக் குஞ்சு கயிற்றைப் பற்றும் விதம்

காசர்கோட்டுக் காயல்களில் பச்சைச் சிப்பி வளர்ப்பவர்கள் கடற்பாறைகளிலிருந்து குஞ்சுகளைப் பெயர்த்தெடுத்துக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். அப்படியிருக்க, முட்டையிலிருந்தே தொட்டிகளில் குஞ்சை வளர்த்தெடுக்கும் பொரிப்பகம் எதற்கு என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பாறையில் குஞ்சு பிடிப்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதே பாறைகளில் சிப்பி பறித்துப் பிழைப்போருக்கும் வளர்ப்போருக்கும் பூசலும் எழும்.

பொரிப்பகத்தில் தொடக்கம் எளிது. முதிர்ந்த சிப்பிகள் இருக்கும் நீரின் வெப்பத்தைச் சில டிகிரி உயர்த்தினால் ஒன்று விந்தை வெளிவிடும். அது நீரில் கலந்ததும் மற்றவையும் தொடரும். கருவுற்ற முட்டை ஏறத்தாழ ஒரு நாளில் இரட்டை ஓடுள்ள இளவுயிரியாகிறது. வடிகட்டிய கடல்நீரில் ஐசோகிரைசிஸ் போன்ற நுண்பாசிகளை ஊட்டி, சல்லடையில் அரித்து நீர் மாற்றி, அதை இரண்டு மூன்று வாரங்கள் காப்பாற்ற வேண்டும்.

அதன்பின் நடப்பதைத்தான் நான் மிகவும் வியக்கிறேன். ஓட்டினூடே கரிய கண்புள்ளி தென்படும். நாக்கைப் போன்ற கால் ஒன்று வெளியே நீளும். அதுவரை மென்மயிர் அடர்ந்த மடலை அசைத்து நீந்திய உயிர், கீழே இறங்கிக் காலால் தடவித் தடவி ஊர்ந்து பார்த்து, பரப்பு ஒவ்வாவிட்டால் மீண்டும் நீந்திப் போய்விடும். வழவழப்பான தொட்டிச் சுவரைவிட, நுண்ணுயிர்ப் படலம் படிந்த நார்ப்பரப்பே அதற்கு உகந்தது என்பதால், தேங்காய் நார்க்கயிற்றை முன்னதாகவே கடல்நீரில் ஊறவைத்துத் தொங்கவிடுவதுண்டு.

பற்றுவது எப்படி என்பது வளர்ந்த சிப்பிகளை ஆராய்ந்ததில் தெரியவந்தது. கால்நுனியைப் பரப்பில் அழுத்தி, அடியிலுள்ள பள்ளத்தில் சிப்பி ஒட்டுப்புரதத்தைச் சுரக்கிறது. அப்புரதத்தில் டோப்பா என்னும் அமினோ அமிலம் இருப்பதை ஹெர்பர்ட் வெயிட் 1981இல் வெளியிட்டார். பள்ளத்தின் அமிலத்தன்மை, டோப்பா ஆக்சிஜனேற்றமடைந்து வீணாகாமல் காத்து, ஈரப் பாறையையும் அது பற்றிக்கொள்ள வழிசெய்கிறது. கால் விலகியதும் காரத்தன்மையுள்ள கடல்நீர் பட்டு, புரதம் இறுகிவிடுகிறது.

ஒட்டிய குஞ்சு நீந்தும் மடலை இழக்கிறது. இரை சேர்த்ததும் அந்த மடல்தான். செவுள்கள் அவ்வேலையை ஏற்கும்வரை உடலில் சேமித்த கொழுப்பே அதற்கு உணவு. ஆகவே, முந்தைய வாரங்களில் ஊட்டிய பாசியின் தரம் இங்கேதான் வெளிப்படும். கொழுப்புக் குறைந்தவை இந்த இடைவெளியைக் கடப்பதில்லை.

ஒட்டிய பிறகும் குஞ்சு, தன்னைக் கயிற்றோடு பிணைத்த ஒட்டுநூலை விட்டுவிட்டு, சளியிழை ஒன்றை நீரில் நீட்டி, நீரோட்டத்தோடு மிதந்து செல்ல வல்லது. நியூசிலாந்துப் பண்ணைகளில் கடலில் இறக்கிய குஞ்சுகளில் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே காணாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம். தொட்டிகளைப் பெருக்கச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கையேனும், குஞ்சு ஏன் கயிற்றை விடுகிறது என்ற ஆய்வுக்கு அரசுகள் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பசியா, நீரோட்டமா, நெரிசலா என்று பிரித்தறிந்தால்தான் எந்த அளவுக் குஞ்சை, எத்தனை அடர்த்தியில் கடலில் இறக்குவது என்று முடிவுசெய்ய முடியும்.