ஆன்டிஆக்சிடன்ட்: எதற்கு எதிர்?

மூலிகை ஆய்வு எதைப் புரட்டினாலும் இந்தச் சொல் எதிர்ப்படுகிறது. அதனால் இதை மருத்துவச் சொல் என்றே பலரும் நினைக்கிறார்கள். இது பிறந்ததோ தொழிற்சாலையில். உலோகம் அரிக்காமல், ரப்பர் வெடிப்பு விடாமல் காக்கும் பொருள்களுக்கு வழங்கிய பெயர் இது. பிறகு எண்ணெயும் கொழுப்பும் காறிப்போவதைத் தடுப்பவற்றுக்கும் வந்தது. வைட்டமின் சி, ஈ ஆகியவற்றின் வேலை விளங்கிய பின்னரே உடம்புக்குள் நுழைந்தது.

சொல்லின் வேரிலேயே ஒரு பிழை உண்டு. 'ஆக்சிஜன்' என்றால் கிரேக்க மொழியில் 'அமிலத்தைப் பிறப்பிப்பது'. பெயரிட்ட பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே, எல்லா அமிலத்திலும் அது இருப்பதாக நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜனே கிடையாது. நம்பிக்கை பொய்த்தது, பெயர் நின்றுவிட்டது.

தமிழில் 'உயிர்வளி எதிர்ப்பி' என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அழகான சொல்தான்; ஆனால் மூச்சுக்கே பகைபோலத் தொனிக்கிறது. வேதியியலில் ஆக்சிஜனேற்றம் என்பது எலக்ட்ரானை இழப்பது. சோடியம் குளோரினோடு சேரும்போதும் அது நடக்கிறது, அங்கே ஆக்சிஜன் எங்கே? தடுக்கப்படுவது வாயு அல்ல, வினை. ஆகவே 'ஆக்சிஜனேற்றத் தடுப்பான்' என்பதே என் தேர்வு. நீளம்தான். ஆக்சிஜனேற்றத்துக்கு இலங்கைத் தமிழில் வழங்கும் 'ஒட்சியேற்றம்' இதைவிடக் கச்சிதம்.

கூடவே வரும் 'எக்ஸ்ட்ராக்ட்' என்பதையும் சாறு என்று எழுதிவிடுகிறோம். பிழிந்தால் சாறு. உலர்ந்த இலையை எத்தனாலில் ஊறவைத்து வடித்து, கரைப்பானை ஆவியாக்கி எடுப்பதைச் சாரம் என்பதே பொருந்தும்.

அந்தச் சாரத்தின் தடுப்புத்திறனை அளக்கப் பெரிதும் பயன்படுவது டிபிபிஎச் சோதனை. டிபிபிஎச் என்பது இணை சேராத எலக்ட்ரான் ஒன்றைச் சுமக்கும் ஊதாநிறச் சேர்மம். சாரத்திலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் ஹைட்ரஜனையோ எலக்ட்ரானையோ கொடுத்ததும் ஊதா வெளிறி மஞ்சளாகும். 517 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துக் கணக்கிடுவார்கள். டிபிபிஎச்சில் பாதியை அடக்கத் தேவைப்படும் சாரத்தின் செறிவு குறையக் குறையத் திறன் கூடுதல் என்று பொருள். எண் சிறிதாக இருப்பதைப் பார்த்துத் திறனும் சிறிது என்று படித்துவிடுவது வழக்கமான தவறு.

இவ்வளவும் குப்பிக்குள் நடப்பது. மஞ்சளின் குர்க்குமின் குப்பியில் சுறுசுறுப்பானது. குடலோ அதைச் சிறிதளவே உறிஞ்சுகிறது. பின்லாந்தில் புகைபிடிப்போருக்கு பீட்டா கரோட்டின் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவு 1994-ல் வெளியானது: மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை, கூடியிருந்தது.